இரசிகர் விக்கிகளில் தொகுத்தல் நெறி: பிறர் எழுத்தைத் திருத்தும் உரிமையும் அதன் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், புதினம் அல்லது கணினி விளையாட்டின் கதையுலகை இரசிகர்களே கூடித் தொகுக்கும் இணையக் கலைக்களஞ்சியம் இரசிகர் விக்கி எனப்படுகிறது. இவ்விக்கிகளில் வழங்கும் தொகுத்தல் நெறிகள் பெரும்பாலும் நன்னடத்தை அறிவுரைகளாகவே வாசிக்கப்படுகின்றன. ஒருவரையொருவர் அறியாத பலர் சேர்ந்து எழுதும் பனுவலுக்கு நம்பகத்தன்மை தரும் முறையியலாகவும் அவை செயற்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மெமரி ஆல்ஃபா, வூக்கிபீடியா, லாஸ்ட்பீடியா ஆகிய விக்கிகளும் அவற்றுக்கு முன்மாதிரியான விக்கிப்பீடியாவின் நெறிகளும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. பிறர் எழுதியதை நீக்கும் செயலை முறைப்படுத்துவதே இந்நெறிகளின் மையம் என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: விக்கி, இரசிகர் பண்பாடு, கூட்டாக்கம், தொகுத்தல் நெறி, மீளமைத்தல், பேச்சுப் பக்கம், மெமரி ஆல்ஃபா, வூக்கிபீடியா.

முன்னுரை

2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னெஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் பெயரில் உள்ள ‘இன்டு’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சிறிய எழுத்தில் தொடங்குவதா என்ற வினா, படம் வெளியாவதற்கு முன்பே ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுந்தது. தலைப்பின் இடையில் வரும் குறுகிய முன்னிடைச்சொற்களைச் சிறிய எழுத்தில் எழுதுவது அக்களஞ்சியத்தின் நடைக் கையேடு கூறும் முறை. ஆனால் ‘இன்டு டார்க்னெஸ்’ என்பது துணைத்தலைப்பாயின் அதன் முதற்சொல் பெரிய எழுத்தைப் பெற வேண்டும். படத்தின் பெயரிலோ முக்காற்புள்ளி இல்லை. இச்சிக்கலை ஒட்டிப் பேச்சுப் பக்கத்தில் 40,000 சொற்களுக்கு மேல் எழுதப்பட்டன. 2013 சனவரி இறுதியில் பெரிய எழுத்தே நிலைபெற்றது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத மொழியைச் சேர்ந்தவருக்கு இந்நிகழ்வு நகைப்பைத் தரலாம். ஆயினும் கிரந்த எழுத்துப் பயன்பாடு குறித்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் நடந்த நெடிய உரையாடல்களை அறிந்தவர் அவ்வளவு எளிதாக நகைக்கமாட்டார். ஓர் எழுத்தின் வடிவம் பற்றிய இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரு தரப்பினரிடமும் தொகுக்கும் உரிமை இருந்தது. எவரும் ஒரு நொடியில் தலைப்பை மாற்றிவிட முடியும். அந்த ஆற்றலைப் பயன்படுத்தாமல் 40,000 சொற்களைச் செலவிடச் செய்தது எது என்ற வினாவே தொகுத்தல் நெறியைப் பற்றிய ஆய்வுக்கு வாயிலாகிறது.

இரசிகர் விக்கியின் தோற்றமும் இயல்பும்

வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று நிரலாளர்களுக்காகத் தொடங்கிய தளமே முதல் விக்கி. ஹொனலூலு வானூர்தி நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை அவர் எடுத்துக்கொண்டார். ‘விக்கி’ என்பதற்கு ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்பது பொருள். 2001 சனவரியில் விக்கிப்பீடியாவும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. ஸ்டார் ட்ரெக் கதையுலகுக்கான மெமரி ஆல்ஃபா 2003 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 1969இல் ஒளிபரப்பான ஒரு ஸ்டார் ட்ரெக் அத்தியாயத்தில் வரும் நூலகச் சிறுகோளின் பெயர் அது. ஸ்டார் வார்ஸ் பற்றிய நுண்செய்திகள் விக்கிப்பீடியாவில் அளவுமீறிச் சேர்கின்றன என்ற முறையீட்டின் பின்னணியில் 2005 மார்ச்சில் வூக்கிபீடியா பிறந்தது. பொதுக் களஞ்சியம் ‘இது மிகை’ என்று ஒதுக்கியதைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஓர் இடம் வேண்டியிருந்தது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். சிம்மி வேல்சும் ஆஞ்செலா பீசுலியும் 2004இல் தொடங்கிய விக்கிசிட்டீஸ், பின்னர் விக்கியா என்றும் ஃபேண்டம் என்றும் பெயர் மாறி, இத்தகைய விக்கிகளின் மிகப் பெரிய புரவலாயிற்று.

பொதுக் களஞ்சியத்திற்கும் இரசிகர் விக்கிக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு தொகுப்பவரின் மனநிலையில் உள்ளது. விக்கிப்பீடியா, தன் பங்களிப்பாளர் பொருளிலிருந்து விலகி நின்று எழுத வேண்டும் என எதிர்பார்க்கிறது. இரசிகர் விக்கிக்கு ஒருவர் வருவதே அப்பொருளின் மீதுள்ள ஈடுபாட்டினால்தான். எந்தக் கப்பல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதை நினைவிலிருந்தே சொல்லக்கூடிய ஒருவர், அதனைத் தவறாக எழுதிய மற்றொருவரிடம் பொறுமையாக நடந்துகொள்வது எளிதன்று. இரசிகர் விக்கியில் தீங்கு விளைவிப்பவர் விசமத் தொகுப்பாளர் மட்டுமே என்று கருதுவது முழுமையான பார்வை ஆகாது. வசைச்சொல்லை எழுதிவிட்டுப் போகிறவரின் செயல் சில நிமிடங்களில் சீர்செய்யப்பட்டுவிடும். நிறைய அறிந்த, நிறைய உழைத்த, ‘இது நான் வளர்த்த கட்டுரை’ என்று எண்ணத் தொடங்கிய பங்களிப்பாளரால் நேரும் இழப்பு மெதுவானது, கண்ணுக்குப் புலப்படாதது. கட்டுரைக்கு எவரும் உடைமையாளர் அல்லர் என்ற விதியை விக்கிப்பீடியா தனியாக வகுத்துக்கொள்ள நேர்ந்தது இதனால்தான்.

நீக்குதலும் மீளமைத்தலும்

விக்கி மென்பொருளில் புதிதாக எழுதுவதும் பிறர் எழுதியதை நீக்குவதும் ஒரே பொத்தானால் நிகழ்கின்றன. ஒரு மணி நேரம் உழைத்து எழுதிய பத்தியை நீக்க ஒரு சொடுக்குப் போதும். எழுதுவதற்கும் நீக்குவதற்கும் ஆகும் உழைப்பில் உள்ள இந்தச் சமனின்மையே தொகுத்தல் நெறிகள் பலவற்றுக்கும் காரணம்.

இவற்றுள் முதலாவது தொகுத்தல் சுருக்கம். ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது, என்ன செய்யப்பட்டது, ஏன் செய்யப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதும் வழக்கம் இது. மென்பொருள் இதனைக் கட்டாயமாக்குவதில்லை, நெறியே வேண்டுகிறது. ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். ‘இச்செய்தி அத்தியாயத்தில் இல்லை, புதினத்தில் மட்டுமே உள்ளது, ஆகவே பின்னணிப் பகுதிக்கு மாற்றப்பட்டது’ என்று எழுதினால், முன்னர் எழுதியவர் தம் உழைப்பு எங்கே போயிற்று என்பதை அறிகிறார், மறுக்க விரும்பினால் எதை மறுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிகிறது. காரணம் கூறாத நீக்கம், தீர்ப்பை மட்டும் வாசித்துவிட்டு வழக்கை மறைப்பதை ஒக்கும். அதே வேளையில், சுருக்கப் பெட்டியிலேயே வாதிடுவதும் முறையன்று. ஒரு வரிக்குள் சொல்ல முற்படும்போது சொற்கள் கூர்மையாகிவிடுகின்றன; ஒருமுறை சேமித்தபின் அச்சொற்களை எழுதியவராலும் திருத்த இயலாது.

இரண்டாவது, திருத்த முடிந்ததை நீக்காதிருத்தல். பிழையான ஆண்டு ஒன்றுக்காக முழுப் பத்தியையும் மீளமைப்பது விக்கிகளில் அடிக்கடி காணப்படும் செயல். மீளமைத்தல் வசதியில் இரு வகை உண்டு. ஒன்று, காரணம் எழுத இடம் தந்து மாற்றத்தைத் திரும்பப் பெறுவது. மற்றொன்று, காரணம் கேட்காமலே ஒருவரின் அண்மைத் தொகுப்புகளை ஒருசேரப் பின்னோக்கித் தள்ளுவது. பின்னதை வெளிப்படையான விசமத் தொகுப்பு போன்ற சில நிலைகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. நல்லெண்ணத்தோடு எழுதியவர் மீது அதனைப் பயன்படுத்துவது, அவரை விசமி என்று பெயர் சொல்லாமல் அழைப்பதாகவே பொருள்படும்.

மூன்றாவது, மீளமைத்தல் தொடராகிவிடாமல் காத்தல். துணிந்து மாற்றுக, மாற்றம் மீளமைக்கப்பட்டால் உரையாடுக என்ற வரிசைமுறை விக்கிப்பீடியாவில் நிலைபெற்று இரசிகர் விக்கிகளுக்கும் பரவியது. ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கலாகாது என்ற விதியும் ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ளது. இவ்விதி எவருடைய கருத்து சரி என்று பார்ப்பதில்லை. சரியான செய்தியையே எழுதினும் நான்காவது முறை மீளமைப்பவர் விதியை மீறியவராகிறார். அறிவுத்துறையினருக்கு இது முதலில் முரணாகத் தோன்றக்கூடும். உண்மை தன் பக்கம் இருக்கும்போது ஏன் நிறுத்த வேண்டும்? இரு தரப்பினருமே அவ்வாறு நம்புகின்றனர் என்பதே இதற்கு விடை.

நிறுத்தியபின் செல்ல வேண்டிய இடம் பேச்சுப் பக்கம். அங்கும் சில வழக்கங்கள் உண்டு. கருத்தின் இறுதியில் நான்கு அலைக்குறிகளை இட்டால் பயனர் பெயரும் நேரமும் தாமாகவே பதிவாகும். பிறர் கருத்தில் எழுத்துப்பிழை இருப்பினும் அதனைத் திருத்தலாகாது. கட்டுரையில் எவர் எழுத்தையும் எவரும் மாற்றலாம் என்றும், பேச்சுப் பக்கத்தில் எவர் எழுத்தையும் வேறெவரும் மாற்றலாகாது என்றும் ஒரே தளத்தில் இரு வேறு உரிமைக் கொள்கைகள் வழங்குவது நோக்கத்தக்கது. கட்டுரை பொதுச்சொத்து, பேச்சு, பேசியவருக்கு உரியது. பேச்சுப் பக்கம் மிக நீண்டுவிட்டாலும் பழைய உரையாடலை அழிக்காமல் காப்பகத்திற்கு மாற்றுவதே வழக்கம். பொது உரையாடலுக்கான பக்கத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்று தமிழ் விக்கிப்பீடியர்கள் பெயரிட்டிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. ‘மணல்தொட்டி’, ‘விசமத் தொகுப்பு’ முதலிய சொற்களும் அங்கு வழங்குபவையே.

ஓலைச்சுவடிப் பதிப்பு மரபை அறிந்த ஆய்வாளர்க்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை மூலத்தில் ஏற்று, ஏற்காத பாடங்களை அடிக்குறிப்பில் காட்டுகிறார். உரையாசிரியர் தமக்கு உடன்பாடில்லாத பொருளையும் ‘என்பாரும் உளர்’ என்று பதிவு செய்கிறார். விக்கியின் வரலாற்றுப் பக்கம், ஒவ்வொரு பாடவேறுபாட்டையும் அதனை எழுதியவர் பெயரோடும் நேரத்தோடும் தானே காத்து வைக்கிறது. ஆனால் எந்தப் பாடம் ஏன் விலக்கப்பட்டது என்பதை மென்பொருள் அறியாது. அதைச் சொல்ல வேண்டியவர் தொகுப்பவரே.

சான்று காட்டலும் கதையுலக எல்லையும்

கற்பனை உலகைப் பற்றிய களஞ்சியத்தில் ‘உண்மை’ என்பது எது? இரசிகர் விக்கிகள் இவ்வினாவை ஏற்கப்பட்ட மூலம் எது என்று வரையறுப்பதன் வழியே எதிர்கொள்கின்றன. மெமரி ஆல்ஃபா தொலைக்காட்சித் தொடர்களையும் திரைப்படங்களையும் அடிப்படையாகக் கொள்கிறது. உரிமம் பெற்று வெளிவந்த புதினங்களின் கதைச்செய்திகளுக்கு மெமரி பீட்டா என்னும் தனி விக்கி உண்டு. மெமரி ஆல்ஃபாவின் கட்டுரைகள் கதையுலகின் உள்ளிருந்து, எல்லாம் நடந்து முடிந்த வரலாறு போல இறந்தகாலத்தில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் அது எந்தத் தொடரின் எந்த அத்தியாயத்தில் உள்ளது என்று அடைப்புக்குறிக்குள் குறிக்கப்படுகிறது. நடிகர், படப்பிடிப்பு, எழுத்துப்படி பற்றிய செய்திகள் பின்னணிக் குறிப்புகளாகப் பிரித்து வைக்கப்படுகின்றன.

நடையைச் சீராக்குவதோடு, இப்பிரிப்பு பூசலையும் குறைக்கிறது. ஒரு பாத்திரம் அடுத்த அத்தியாயத்தில் வேறு பெயரில் அழைக்கப்பட்டால், அது கதைக்குள் நிகழ்ந்த மாற்றமா, எழுத்தாளரின் கவனக்குறைவா என்று இரசிகர்கள் எளிதில் பிரிந்து நிற்பர். இரு அத்தியாயங்களும் கூறுவதைச் சான்றோடு மேலே எழுதி, கவனக்குறைவு பற்றிய செய்திக்கு நேர்காணல் முதலிய சான்று இருப்பின் அதனைப் பின்னணிப் பகுதியில் வைத்தால் இரு தரப்பும் அமைதியடையும். சான்றில்லாத விளக்கத்திற்கு மட்டும் இடமில்லை. ‘அப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று ஊகிக்கும் இன்பம் இரசிகர்க்கு உரியது; எனினும் கட்டுரைக்குள் நுழைந்த ஊகம், அடுத்து வாசிப்பவருக்குச் செய்தியாகிவிடுகிறது.

2005இல் தொடங்கப்பட்ட லாஸ்ட்பீடியா இதனை வேறுவிதமாகக் கையாண்டது. மர்மங்களையே உயிராகக் கொண்ட ‘லாஸ்ட்’ தொடரின் இரசிகர்களிடம் ஊகிக்காதீர் என்று சொல்வது பயனற்றது. ஆகவே ஊகங்களுக்கெனத் தனிப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன. சேசன் மிட்டல் 2009இல் வெளியிட்ட கட்டுரை, இவ்விக்கியில் எது ஆவணம், எது கற்பனை, எது விளையாட்டு என்பது குறித்துப் பங்களிப்பாளர்களிடையே நடந்த விவாதங்களை ஆராய்கிறது. விலக்குவதைக் காட்டிலும் வேறிடம் காட்டுவது பல வேளைகளில் நல்ல நெறியாகிறது என்பதற்கு லாஸ்ட்பீடியா தக்க சான்று.

மூலத்தின் எல்லை வெளியிலிருந்து மாறும்போது நெறி கடும் சோதனைக்குள்ளாகிறது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், அதுவரை வெளிவந்த ஸ்டார் வார்ஸ் விரிவுலகப் புதினங்களையும் சித்திரக்கதைகளையும் ‘லெசெண்ட்ஸ்’ என்ற தனிப்பெயரின்கீழ் வைத்து, புதிய கதைத்தொடர்ச்சிக்குப் புறம்பானவையாக அறிவித்தது. பல ஆண்டுகள் உழைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஒரே நாளில் பிழையானவை ஆகிவிட்டனவா? வூக்கிபீடியா அவற்றை அழிக்கவில்லை. ஒரே பாத்திரத்திற்கு ஏற்புடைய கதைக்கு ஒரு பக்கமும் லெசெண்ட்ஸ் கதைக்கு ஒரு பக்கமுமாக இரு பக்கங்களை அமைத்து, மேலே தாவல்களால் இணைத்தது. உரிமையாளர் விலக்கிய பனுவல், வாசகர் நினைவிலிருந்து விலகிவிடுவதில்லை என்பதை அப்பக்க அமைப்பே ஏற்றுக்கொள்கிறது.

கதையின் திருப்பத்தை முன்கூட்டியே வெளியிடாமையும் இவ்விடத்தில் சுட்டத்தக்கது. வெளியீட்டிற்கு முன் கசிந்த செய்திகளை எழுதாதிருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. வெளியானபின் எழுதலாம், எனினும் தொகுத்தல் சுருக்கத்திலோ படிமக் கோப்பின் பெயரிலோ இறுதிக் காட்சியை எழுதுவது தவறு. அண்மைய மாற்றங்கள் பட்டியலைப் பார்க்கும் அனைவரின் கண்ணிலும் அது படும்.

புதிய பங்களிப்பாளர்

ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான தொகுப்பாளர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தை எட்டிப் பின் சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்களின் தொகுப்புகள் முன்னைவிட மிகுதியாக மீளமைக்கப்படுவதையும், அவ்வாறு மீளமைக்கப்பட்டோர் தொடர்ந்து தங்காமல் விலகுவதையும் சுட்டியது. தரத்தைக் காக்க உருவான தானியங்கிக் கருவிகளும் இறுகிப்போன விதிகளுமே இதற்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு.

ஒரு சிலரின் ஓய்வு நேர உழைப்பையே நம்பியுள்ள சிறிய இரசிகர் விக்கிகளுக்கு இம்முடிவு மேலும் பொருந்தும். புதியவர் ஒருவர் முதலில் செய்யும் பிழைகள் ஏறத்தாழ ஒன்றே: சான்று தராமல் எழுதுதல், முன்தோற்றம் பாராமல் பத்து முறை சேமித்தல், நிகழ்காலத்தில் எழுதுதல், கட்டுரைக்குள்ளேயே ‘இது தவறு, சரிபார்க்கவும்’ என்று எழுதிச் செல்லுதல். இவற்றுள் எதுவும் தீய எண்ணத்தால் நிகழ்வதன்று. இறுதியாகச் சொன்ன பிழையைச் செய்தவர் உண்மையில் பேச்சுப் பக்கத்தைத் தேடியவர். அது எங்கே உள்ளது என்பதை அறியாதவர். அவருக்கு விதிகளின் இணைப்புகளை வரிசையாக ஒட்டிய வார்ப்புரு எச்சரிக்கையும், ‘நீங்கள் சொன்னது சரி, அத்தியாயத்தைப் பார்த்துத் திருத்திவிட்டேன்; அடுத்த முறை மேலே உள்ள உரையாடல் பொத்தானை அழுத்தி எழுதுங்கள்’ என்ற இரு வரிகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. இரண்டாவதை எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும்.

புதியவர்க்கும் கடமை உண்டு. நெடிய கட்டுரையை முழுதும் மாற்றியமைக்க எண்ணுபவர் அதனை முதலில் பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பதும், வேலை நடக்கும்போது அதற்குரிய வார்ப்புருவை இட்டு முடிந்ததும் நீக்குவதும் பிறரின் உழைப்பு வீணாகாமல் காக்கும். வார்ப்புருவை இட்டுவிட்டு மறந்துபோவோர் எல்லா விக்கிகளிலும் உளர்.

உரிமமும் குழு முடிவின் எல்லையும்

ஒரு விக்கியிலிருந்து மற்றொன்றுக்குப் பத்திகளை எடுத்துச் செல்வோர் உரிமத்தைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. வூக்கிபீடியாவின் எழுத்துகள், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளன. மெமரி ஆல்ஃபாவின் உரிமமோ வணிக நோக்கற்ற பயன்பாட்டை மட்டும் ஒப்புகிறது. ஆகவே அதன் பத்தியை அப்படியே விக்கிப்பீடியாவில் இட இயலாது. பெயர் குறிப்பிடுதல் இங்குச் சட்டக் கடமையும் ஆகும். ஊதியமின்றி எழுதியவர்க்குக் கிடைக்கும் ஒரே பயன் வரலாற்றுப் பக்கத்தில் உள்ள அவர் பெயர்தான்.

கருத்து வேறுபாடுகள் உரையாடலில் தீராதபோது விக்கிக் குழுக்கள் பொதுக் கருத்தையோ வாக்கெடுப்பையோ நாடுகின்றன. எல்லாவற்றையும் வாக்கால் முடிவு செய்ய இயலுமா என்ற வினா 2021இல் வூக்கிபீடியாவில் எழுந்தது. உண்மையில் வாழும் திருநர் ஒருவரைப் பற்றிய கட்டுரையில் அவர் கைவிட்ட பழைய பெயரைப் பயன்படுத்துவது தொடர்பான சிக்கல், அவ்வழக்கத்தைத் தடுக்கும் விதிக்கான வாக்கெடுப்பாக வளர்ந்தது. முன்மொழிவு முதலில் போதிய ஆதரவைப் பெறவில்லை. புரவலான ஃபேண்டம் தன் பயன்பாட்டு விதிகளைச் சுட்டித் தலையிட்டது. கற்பனைப் பாத்திரங்களுக்கு வகுத்த ‘மூலத்தில் உள்ளபடியே எழுதுக’ என்னும் நெறியை வாழும் மனிதர்க்கு அப்படியே பொருத்தியதே இங்கு நேர்ந்த பிழை எனலாம். திரையில் வந்த பெயர்ப்பட்டியல் ஒரு சான்றுதான். ஆனால் கப்பலின் பெயருக்குச் சான்று காட்டும் முறையால் ஒரு மனிதரின் பெயரை முடிவு செய்தல் தகாது.

புரவல் நிறுவனத்தோடு உடன்படாத குழு என்ன செய்யலாம் என்பதற்கு வேறொரு விக்கி விடை தந்தது. 2023 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் விக்கியின் தொகுப்பாளர்கள் ஃபேண்டமை விட்டு வெளியேறித் தனித் தளத்தில் பணியைத் தொடர்ந்தனர். திறந்த உரிமம் கட்டுரைகளை எடுத்துச் செல்ல இடமளித்தது. பழைய விக்கி மூடப்படவில்லை. அது ஃபேண்டம் தளத்திலேயே நின்றது. ஒரே வரலாற்றைப் பகிர்ந்துகொண்ட இரு கட்டுரைகள் அன்றுமுதல் இரு வேறு கைகளால் திருத்தப்படுகின்றன. பிரிவுக்கு முன் எழுதியோரின் பெயர்கள் உரிமத்தின்படி இரு தளங்களுக்கும் பொதுவானவை.